துணியில் இறங்காதவை

திரவம் என்றார் டாக்டர். மூன்று வாரத்துக்குத் திரவ ஆகாரம் மட்டும்தான். திடமாக ஒரு பருக்கை உள்ளே போனாலும் குடலில் ஓட்டை விழும், விழுந்தால் தன்னாலும் ஒன்றும் செய்ய முடியாது, திருச்சிக்குக் கொண்டுபோனாலும் முடியாது என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"திரவம்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"தெரியும் சார். எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்" என்றேன்.

நான் செய்த தப்பு அதுதான். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். பட்டிக்காட்டுக்காரி என்று நினைத்துவிடுவாரோ என்ற ரோஷத்தில் வாய் முந்திக்கொண்டது. தெரியாது சார், பேர் பேராகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்காததற்கு நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

ராஜா காலத்துச் சமஸ்தானம் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டைப் பக்கம். என் வீட்டுக்காரர் கொத்தனார். எனக்கு இருபது வயது, கல்யாணமாகி ஒன்றரை வருஷம். சித்திரை வெயிலில் வேலை செய்துவிட்டு எந்த ஊர்க் குளத்துத் தண்ணீரைக் குடித்தாரோ, காய்ச்சல் வந்து ஒரு வாரமாக இறங்கவே இல்லை. விஷக்காய்ச்சல் என்றார்கள் ஊரில். டைபாய்டு என்றார் டாக்டர்.

டாக்டர் அவருடைய சட்டையைத் தூக்கி என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தார்.

"அமுக்கும்மா. எப்படி இருக்கு?"

"மெத்துன்னு இருக்கு சார்."

"இப்படியே இருக்கணும். திடீர்னு வலி வந்து, வேர்த்துக் கொட்டி, வயிறு பலகையாட்டம் இறுகிப்போச்சுன்னா உடனே கொண்டுவந்துரு. மூணாவது வாரந்தான் ஆபத்து. காய்ச்சல் இறங்கும், பசி எடுக்கும், ஆள் தேறிட்டான்னு நீங்களா நினைச்சுக்குவீங்க. அப்பத்தான் ஏமாந்துருவீங்க."

பக்கத்தில் என் வீட்டுக்காரருடைய அம்மா நின்றுகொண்டிருந்தாள். எனக்கு அத்தை. அவளுக்கு இதில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. "எம்புள்ளை மூணு வாரம் சோறில்லாம எப்படிங்க இருப்பான்?" என்று மட்டும் கேட்டாள். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மருந்து என்று சின்னச் சின்னக் கூடுகள் கொடுத்தார்கள். புதிதாக வந்த மருந்தாம். தேடிப் பிடித்துப் பன்னிரண்டுதான் கிடைத்தது. கண்ணாடி மாதிரி வழவழவென்ற கூடு, உள்ளே பொடி. மாட்டு வண்டியில் திரும்பும்போது அவர் வைக்கோல் மேல் படுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏ புள்ள, இது திடமா, திரவமா?"

"பேசாமப் படுங்க."

"ஒரு பருக்கை ஆகாதுன்னுட்டு அவரே பன்னெண்டு பருக்கை குடுத்து விட்டுருக்காரு பாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கூட்டை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தேன். வீட்டில் இறங்கிக் கையைத் திறந்தபோது அது வேர்வையில் இளகித் தோலோடு ஒட்டியிருந்தது. புறப்பட்டபோது விறைப்பாக இருந்தது, இப்போது பிசின். ஒரு கூடே ஒரு மணி நேரத்தில் இப்படி மாறினால் மற்றதை எல்லாம் எதை நம்பி அவர் வாயில் ஊற்றுவது?

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருந்தது. திடப்பொருளுக்குச் சொந்த உருவம் உண்டு. திரவத்துக்கு உருவம் கிடையாது, எந்தப் பாத்திரத்தில் ஊற்றுகிறோமோ அதன் உருவந்தான். டீச்சர் ஒரு செங்கல்லைக் காட்டித் திடம் என்றார். ஒரு சொம்புத் தண்ணீரைக் காட்டித் திரவம் என்றார். செங்கல்லையும் தண்ணீரையும் காட்டினால் எந்த மடையனுக்குத்தான் தெரியாது? மனுஷன் செங்கல்லா தின்கிறான்? எங்கள் அடுப்பிலிருந்து இறங்கிய எதுவும் செங்கல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. எல்லாம் கொழகொழ, வழவழ, பிசுபிசு.

மறுநாள் காலையிலேயே அடுப்புக்கரியை எடுத்து, சுவரில் நடுவே ஒரு கோடு இழுத்தேன். இந்தப் பக்கம் திரவம், அந்தப் பக்கம் திடம்.

"அடிப் பாவி, பொங்கலுக்கு மூணு பூச்சுப் பூசுன சுவருடி அது" என்றார் கட்டிலில் இருந்து.

"எந்திரிச்சதும் திரும்பப் பூசுங்க. மொதல்ல எந்திரிங்க."

வடிகஞ்சி முதலில் வந்தது. கொதிக்கக் கொதிக்க டம்ளரில் ஊற்றினேன். நன்றாக ஓடியது. திரவம் என்று எழுதினேன். ஆறட்டும் என்று வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் மேலே ஆடை படிந்து, டம்ளரைச் சாய்த்தால் நகராமல் கோந்து மாதிரி நின்றது. அழித்தேன். சூடாக இருந்தால் திரவம், ஆறினால் திடம். வயிற்றுக்குள் போனால் சூடா, ஆறலா? யாரிடம் கேட்பது?

தயிர் அதற்கு மேல். சட்டியைச் சாய்த்தால் செதில் செதிலாக நிற்கிறது. மத்தால் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஓடுகிறது. அதே தயிர்தான். தேன் ஓடுகிறது, ஆனால் சோம்பேறி மாதிரி ஓடுகிறது. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு கிண்ணத்தின் உருவத்துக்கு வருகிறது, ஊற்றினால் மட்டும் மொத்தமாக ஒரே கட்டியாக விழுகிறது. பாதியை நிறுத்திப் பாதியை ஊற்ற முடியவில்லை.

கடைசியில் அவருடைய பழைய வேட்டியைக் கிழித்துக் கொதிக்க வைத்து ஒரு வடிதுணி செய்தேன். பிழியக் கூடாது. தானாக இறங்கினால் திரவம், துணியில் தங்கினால் திடம். என் சட்டம் அதுதான். துணியில் தங்கியது எதுவானாலும் அவர் வாய்க்குப் போகாது.

வெந்நீர் இறங்கியது. ஆடை எடுத்த பால் இறங்கியது. தண்ணீராகக் கரைத்த மோர் இறங்கியது. இளநீர் இறங்கியது. கேழ்வரகுக் கூழ் தங்கியது. ஜவ்வரிசி தங்கியது. மசித்த வாழைப்பழம் தங்கியது. தயிர் தங்கியது. தேன் ஒரு மணி நேரம் தொங்கிக்கொண்டே நின்றது. அதையும் திடத்தில் போட்டேன். வெள்ளைக்கருவும் திடம். பத்து நாளில் வலது பக்கம் சுவர் நிறைந்துவிட்டது. இடது பக்கம் நாலே நாலு வரி.

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் நீளம் என்று பார்க்கத் தெரியும்.

"ஏண்டி, எம்புள்ளைக்கு இந்தப் பக்கம் இருக்கறது மட்டுந்தானா?"

"ஆமா அத்தை."

"கூழு குடிக்கிறதுதானடி? கடிச்சா திங்கிறோம்?"

"துணியில எறங்கலை அத்தை."

"துணியா திங்கப் போவுது? ஒன் எட்டாவதைக் கொண்டுபோயி அடுப்புல வையி. பட்டினி போட்டே கொல்லப் பாக்குறியே, நீ நல்லா இருப்பியா?"

இதைத் தெருவிலும் போய்ச் சொன்னாள். தண்ணீருக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குப் புரிந்தது. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆனால், பட்டினி போட்டுக் கொன்றவள் நான். அவர்கள் பேச்சைக் கேட்டு எதையாவது கொடுத்து ஏதாவது ஆனால், கொடுத்துக் கொன்றவளும் நான். எந்தப் பக்கம் போனாலும் என் தலைதான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். அவர் போய்விடுவாரோ என்ற பயம்தான் என்னை அரித்துத் தின்றது. மணிக்கு ஒரு தடவை வயிற்றில் கை வைத்து அமுக்குவேன். மெத்தென்று இருக்கும். அப்பாடா என்று மூச்சு வரும். கையை எடுத்த உடனே மறுபடியும் பயம் வந்துவிடும். எடுத்த பிறகு இறுகியிருந்தால்?

அவரோ படுத்துக்கொண்டே என் சட்டத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். பசி அவரை வக்கீல் ஆக்கிவிட்டது.

"நீ படிச்சவ, சொல்லு. சுண்ணாம்பைக் குழைக்கிறோம். தண்ணியாட்டம் இருந்தா வெள்ளையடிக்கலாம். கொஞ்சம் இறுக்கிக் குழைச்சா பூசலாம். பூசுனது காஞ்சா கல்லு. எந்த எடத்துல தண்ணி முடிஞ்சு கல்லு ஆரம்பிக்குது?"

"தெரியாது."

"முப்பது வருசமாக் கரண்டி புடிக்கிற எங்க மேஸ்திரிக்கே தெரியாது. ஒனக்குத் துணியை வச்சுத் தெரிஞ்சிருச்சாக்கும்."

வேடிக்கைக்குத்தான் சொன்னார். எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பு. ஊற்றும்போது தண்ணீர், போன இடத்தில் கல். அப்போதுதான் பாலின் ஞாபகம் வந்தது. பால் துணியில் இறங்குகிறது, சரி. வயிற்றுக்குள் புளிப்பு இருக்கிறதே, கைப்பிள்ளைகள் கக்கும்போது பால் திரிந்து கட்டி கட்டியாகத்தானே வருகிறது? அப்படியானால் நான் டம்ளர் டம்ளராகத் தயிரையா உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறேன்? அன்றையிலிருந்து பாலைப் பாதியாகக் குறைத்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அத்தை என்னை அடித்தே இருப்பாள்.

மனுஷன் எலும்பாகிவிட்டார். மோதிர விரலில் போட்டிருந்த செம்பு வளையம் கட்டை விரலுக்கு ஏறியது.

மூன்றாவது வாரம் டாக்டர் சொன்ன மாதிரியே காய்ச்சல் இறங்கியது. அத்தை வாசலில் சூடம் கொளுத்தினாள். எனக்கு நிம்மதி வரவில்லை, இதுதானே ஏமாறுகிற வாரம். அவர் வேடிக்கை பேசுவதை நிறுத்திவிட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஒரே ஒரு இட்லி. பிச்சுக்கூடப் போட வேணாம், மோந்து பாத்துட்டுக் குடுத்துர்றேன்."

"கூடாதுங்க."

"தயிராவது ஒரு கரண்டி."

"கூடாது."

"நான் செத்தா எனக்குப் படைப்பீங்கல்ல, அதை இப்பவே குடுங்கடி."

நான் சமையல் கட்டுக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். கோபமா அழுகையா தெரியவில்லை. அந்த நிமிஷம் அவரை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். அவருக்குக் கொதிக்க வைக்கும் தண்ணீரை நானே ஊருணியில் எடுத்து வருவேன், யாரையும் நம்புவதில்லை. அன்றும் போனேன். குடத்தோடு திரும்பினால் வாசலில் என் அண்ணனுடைய சைக்கிள். உள்ளே அரிவாள் சத்தம்.

காய்ச்சல்காரரைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கோடையில் நுங்கு கொண்டுவருவார்கள். உடம்புச் சூட்டுக்குக் குளிர்ச்சி. அண்ணன் ஒரு குலையையே சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். உட்கார்ந்து சீவிச் சீவிக் கொடுக்கிறான். இவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பெருவிரலை நுங்குக் கண்ணுக்குள் விட்டு நெம்பி நெம்பி உறிஞ்சுகிறார். தாடையெல்லாம் வழிகிறது. பக்கத்தில் அத்தை விசிறிக்கொண்டு நிற்கிறாள். மூன்று பேருடைய முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

குடத்தை எப்படி இறக்கினேன் என்று தெரியாது. உடையவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணே, என்னண்ணே பண்றே?"

"வா ஆத்தா. மச்சானுக்குக் கொஞ்சம் நுங்கு."

"திடமா ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு ஒனக்குச் சொல்லலையா யாரும்?"

"சொன்னாங்க. அதான் சோறு பலகாரமுன்னு ஒண்ணும் வாங்கலை. நுங்கு தண்ணிதானே ஆத்தா?"

நான் தரையைப் பார்த்தேன். சீவிய காய்கள் ஐந்து கிடந்தன. காய்க்கு மூன்று கண். பதினைந்து. அவர் கையில் இருந்த ஆறாவதில் ஒரு கண் போயிருந்தது. பிடுங்கினேன்.

"பதினாறு" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "பதினாறு கண்ணு முழுங்கியிருக்காரு."

"ஒங்க அண்ணந்தானடி குடுத்தான்" என்றாள் அத்தை. இத்தனை நேரம் விசிறிக்கொண்டிருந்தவள்.

அவரைப் படுக்கச் சொல்லி வயிற்றை அமுக்கினேன். மெத்தென்று இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். உதட்டை நக்கிக்கொண்டார். சுவரைப் பார்த்தேன். நுங்கை நான் எந்தப் பக்கமும் எழுதியிருக்கவில்லை. மீதியிருந்த காயிலிருந்து ஒரு கண்ணை எடுத்துத் துணியில் வைத்தேன். நடுவில் இருந்த தண்ணீர் சொட்டென்று இறங்கியது. மற்றது வழுக்கிக்கொண்டு துணி மேலேயே உட்கார்ந்திருந்தது. விரலால் அமுக்கினால் வளைந்து கொடுத்தது, விட்டால் பழையபடி எழுந்தது. சொந்த உருவம்.

"அண்ணே, இங்கிட்டு வா. இங்க ஒக்காரு. கையை வயித்துல வச்சுக்கிட்டே இரு. இறுகுச்சுன்னா வண்டியைக் கட்டிக்கிட்டு டவுனுக்கு வந்துரு. நான் டாக்டருகிட்டப் போறேன்."

மீதி நுங்கில் நாலு கண்ணைத் தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். எதற்கு நுங்கைக் கொண்டுபோனேன்? சொன்னால் நம்பமாட்டார், காட்ட வேண்டும் என்று பட்டது. பஸ்ஸில் சட்டி மடியில் தளதளவென்று ஆடியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவருடைய குடலில் அது உருளுகிற மாதிரி இருந்தது எனக்கு.

டாக்டர் வீட்டு முன்னால் ஒரு வண்டி நின்றது. வைக்கோலில் ஓர் ஆள் கிடந்தான். இவர் வயதுதான் இருக்கும். முழங்காலை மடக்கிக்கொண்டு, முகம் சாம்பல் நிறத்தில், வேர்வை ஓடுகிறது. டாக்டர் வண்டிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறி அவன் வயிற்றில் விரலை வைத்தார். கூட்டத்தில் நான் முன்னால் போய் நின்றுவிட்டேன். அந்த வயிறு அவருடைய விரலுக்கு அமுங்கவே இல்லை. மர மேஜை மேல் விரலை வைத்த மாதிரி இருந்தது.

"என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

அவன் பெண்சாதி சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாலுதாங்க. சத்தியமாப் பாலைத் தவிர ஒண்ணும் குடுக்கலைங்க. நீங்க சொன்னபடியேதாங்க வச்சிருந்தேன்."

டாக்டர் ஒரு காரைப் பிடித்துத் திருச்சிக்கு அனுப்பினார். கீரனூர் தாண்டும் முன்பே போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் கார் கிளம்பும்போதே எனக்குத் தெரியும். அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

பால். என் சுவரில் இடது பக்கத்தில் இரண்டாவது வரி.

உள்ளே கூப்பிட்டதும் நான் சட்டியைத் திறந்து மேஜை மேல் வைத்தேன். "இது திடமா, திரவமா சார்?"

அவர் களைத்துப் போயிருந்தார். நுங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"அன்னிக்கு வயித்துல என் கையை வச்சு அமுக்கச் சொன்னீங்களே, அந்தக் கொத்தனாரு சம்சாரம். பதினாறு கண்ணு தின்னுட்டாரு சார். நீங்க திரவம்னு மட்டுந்தான் சொன்னீங்க. இது எதுல சேத்தி?"

அவர் ஒரு கண்ணை எடுத்து விரலால் நசுக்கினார். அது நழுவி மேஜைக் காகிதத்தில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தார். அதையும் நசுக்கிவிட்டு, "தெரியலையேம்மா" என்றார்.

"ஒங்களுக்கே தெரியலைன்னா எனக்கு எப்படி சார் தெரியும்? வடிதுணியில இறங்குறதை மட்டுந்தான் குடுத்தேன். பதினேழு நாளு. தயிருகூடக் குடுக்கலை."

"தயிர் ஏன் குடுக்கலை?"

"துணியில இறங்கலையே."

"தயிர் தாராளமாக் குடுக்கலாமே. மசிச்ச கஞ்சி குடுக்கலாம். நல்லாக் கரைச்ச கூழுகூடக் குடுக்கலாம்."

"பால் உள்ள போனா உறையும்னு அதையும் பாதியாக் குறைச்சுட்டேன் சார்."

"உறையத்தான் செய்யும். உறைஞ்சாலும் மெத்துன்னுதானே இருக்கும்? நாரு, தோலு, கொட்டை, வேகாத பருக்கை, இந்த மாதிரிக் குடலை உரசுற எதுவும் போகக் கூடாதுங்கறதுக்காகத் திரவம்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்றது."

நான் எழுந்துவிட்டேன். அந்தக் காலத்தில் டாக்டர் முன்னால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். நான் உயர்த்தினேன். "அதை அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானே சார்? என் புருசன் மோதிரம் கட்டை விரலுக்கு ஏறிப்போச்சு சார்!"

"தெரியுமான்னு கேட்டேனேம்மா. தெரியும்னியே."

நான் திரும்ப உட்கார்ந்தேன்.

அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். "நுங்கைத் தோலோட தின்னாரா, தோல் இல்லாமலா?"

"என்ன சார்?"

"மேல தோல் இருக்குல்ல, நாரா? அதுதான் கவலை. விரலால நோண்டித் தின்னா தோல் பாதிக்கு மேல காயிலேயே தங்கிரும். முழுசா எடுத்துப் போட்டிருந்தா தோலும் உள்ள போயிருக்கும். போயிக் காயைப் பாரு. மூணு நாள் தாண்டிட்டா பயமில்லை."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார முடியவில்லை. காயைப் பார்க்க வேண்டும், காயைப் பார்க்க வேண்டும் என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. நான் பார்த்தபோது விரலை விட்டுத்தான் நோண்டிக்கொண்டிருந்தார். ஆனால் அது ஆறாவது காய். அதற்கு முன்னால் ஐந்து காய். பசி அவசரத்தில் எப்படித் தின்றாரோ? அண்ணன் எடுத்து வாயில் போட்டானோ? எதிரே வந்த ஒவ்வொரு மாட்டு வண்டியையும் எட்டிப் பார்த்தேன், வைக்கோலில் யாராவது கிடக்கிறார்களா என்று.

வீட்டுக்குள் நுழைந்தால் அண்ணன் நான் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான், கை வயிற்றின் மேல். பயத்தில் அவன் கைதான் விறைத்துப்போயிருந்தது. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அமுக்கிப் பார்த்தேன். மெத்தென்று இருந்தது.

"காயெல்லாம் எங்கண்ணே?"

"எந்தக் காயி?"

"சீவிப்போட்ட நுங்குக் காயி."

"மாட்டுக்கு வெட்டிப் போட்டுட்டேன்" என்றாள் அத்தை. "வீணாவா போடுவாங்க?"

கொல்லைக்கு ஓடினேன். பசு கடைசித் துண்டை மென்றுகொண்டிருந்தது. அதன் வாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். பச்சையாக நுரைதான் வந்தது. அதற்குள் தோல் இருந்ததா, இல்லையா, எந்தக் கடவுளுக்குத் தெரியும்? அந்தப் பசுவை அப்போது நான் அடித்தேன். அது என்ன பாவம் செய்தது?

அவரை எழுப்பிக் கேட்டேன். "தோலோட தின்னீங்களா, நோண்டித் தின்னீங்களா?"

"தோலு வேற இருந்துச்சா அதுல?" என்றார். "பசியில எவன் பாத்தான்?"

மூன்று நாள். அண்ணன் போகவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் பயந்துகொண்டு வாசலிலேயே கிடந்தான். அத்தை மூன்று நாளும் என்னோடு பேசவில்லை, ஆனால் அவளும் நான் இல்லாத சமயம் பார்த்து வந்து வயிற்றை அமுக்குவதைக் கண்டேன். முதல் நாள் சாயங்காலம் அவருக்கு வயிறு வலித்தது. சுருண்டு படுத்தார். நான் வண்டியைக் கட்டு என்று கத்தினேன். அண்ணன் மாட்டை அவிழ்ப்பதற்குள் அவர் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டுவிட்டு நேராகப் படுத்துக்கொண்டார். அந்த ஏப்பத்துக்குப் பிறகும் நான் அரை மணி நேரம் கையை எடுக்கவில்லை. என் உள்ளங்கை மரத்துப்போய், அதற்குக் கீழே இருப்பது இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா என்றே தெரியாமல் போயிற்று. பிறகு இடது கையை வைத்தேன். அது பழகாத கை, அதற்கு எல்லாமே இறுகின மாதிரிதான் இருந்தது. என் வயிற்றை ஒரு கையாலும் அவர் வயிற்றை ஒரு கையாலும் அமுக்கி ஒத்துப் பார்த்தேன். பைத்தியக்காரி என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தயிர் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னாரே, கொடுத்தேனா? கொடுக்கவில்லை. மூன்று நாளும் வெந்நீரும் இளநீரும்தான். தயிர்ச் சட்டியை எடுப்பேன், சாய்ப்பேன், செதில் நிற்பதைப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். பாலைக் கையாலும் தொடவில்லை. அந்தப் பெண் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது கண்ணை விட்டுப் போகவில்லை.

நாலாவது நாள் காலையில் அத்தை குளித்துவிட்டு வந்தாள். என்னைக் கேட்கவில்லை. சோற்றைக் குழைய வேக வைத்து, கையாலேயே பருக்கை தெரியாமல் மசித்து, தயிர் விட்டு, கிண்ணத்தோடு கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

"நீ குடுக்கிறியா, நான் குடுக்கட்டுமா?" என்றாள். மூன்று நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

என்னால் அந்தக் கிண்ணத்தை வாங்க முடியவில்லை. "நீங்க குடுங்க அத்தை" என்றேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் அவர் சட்டையைத் தூக்கி வயிற்றில் கையை வைத்தேன்.

முதல் வாயைப் போட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். முழுங்கினார். அது இறங்குவது என் கைக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. இரண்டாவது வாய். மூன்றாவது வாய். அத்தையின் கண்ணிலிருந்து தண்ணீர் கிண்ணத்திலேயே விழுந்தது. அவள் துடைக்கவில்லை, பிசைந்து ஊட்டினாள்.

"கையை எடு புள்ள, கூச்சமா இருக்கு" என்றார் அவர், வாய் நிறைய.

நான் எடுக்கவில்லை.